டியூ கேட்டு வாசலில் கத்தினால்: கைவசம் வைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்

கம்மாபுரம் பக்கம் கிழமையைக் கடனை வைத்தே அடையாளம் சொல்கிற தெருக்கள் உண்டு. செவ்வாய் என்றால் ஒரு குழுக்கடன், வியாழன் என்றால் இன்னொன்று. விருத்தாசலம் செராமிக் கம்பெனிகளில் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறவர்கள், முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் என்று யார் வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒரு கடன் அட்டை கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வார்த்த மண் காயாது, கூலி குறையும். டியூ மட்டும் குறையாது.

வாங்கிய கடனைக் கட்ட வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் கட்டத் தவறிய வாரத்தில் வாசலில் நின்று பெண்டு பிள்ளைகளை வைவதற்கு எந்தச் சட்டமும் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை. புகார் கொடுக்க இடங்கள் நிறையவே இருக்கின்றன. எந்தக் கடனுக்கு எந்த இடம் என்று தெரியாமல் ஒரே மனுவை எல்லா இடத்துக்கும் கொண்டுபோய் அலைவதுதான் நம் பக்கம் நடக்கிறது.

1. வந்து நிற்பவர் யாருடைய ஆள் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். மற்ற எல்லாக் குறிப்பும் இதற்குப் பிறகுதான். கடன் கொடுத்தது வங்கியா, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமா என்றால் பிடிக்க வேண்டியது ரிசர்வ் வங்கியின் விதிகளை. உள்ளூர்த் தண்டல்காரர், மீட்டர் வட்டிக்காரர் என்றால் ரிசர்வ் வங்கிக்கு எழுதி ஒரு பயனும் இல்லை; அதற்குப் போலீசும் மாநிலச் சட்டமும். போனில் ஆப் மூலம் வாங்கியது என்றால் மூன்றாவது வழி. பெயரில் 'பைனான்ஸ்' என்று இருப்பதை நம்பாதீர்கள். மோட்டார் பைக்கில் வந்து நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு போகிறவரும் பைனான்ஸ் என்றுதான் சொல்லிக்கொள்வார். ரசீதில் நிறுவனத்தின் முழுப் பெயரும் கிளை முகவரியும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

2. கடன் அட்டையைத் தொலைக்காதீர்கள். குழுக்கடன், அதாவது மைக்ரோஃபைனான்ஸ் கடன் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அட்டை கொடுத்தாக வேண்டும். வட்டி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, புகாருக்கு யாரை அழைப்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் புகார் எண்ணைத்தான் யாரும் படிப்பதில்லை. ஒருமுறை பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், செல்போனில் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலெக்‌ஷன் செய்கிறவர் 'அட்டை ஆபீசில் இருக்கட்டும்' என்று கேட்டால் கொடுக்க வேண்டாம்.

3. மணியைப் பாருங்கள். மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மற்ற வங்கி, நிதி நிறுவனக் கடன்களுக்குக் காலை 8 முதல் இரவு 7 வரை மட்டும் அழைக்கலாம். முதலாவது 2022 மார்ச்சில் வந்த விதி, இரண்டாவது அதே ஆண்டு ஆகஸ்ட் சுற்றறிக்கை. விடாமல் திரும்பத் திரும்ப அழைப்பது, சொந்தக்காரர், அக்கம்பக்கம், வேலை செய்கிற இடம் என்று போய் அசிங்கப்படுத்துவது, கட்டாதவர் பெயரை ஊருக்குச் சொல்வது, கெட்ட வார்த்தை, 'உள்ளே தள்ளிடுவோம்' என்ற பொய் மிரட்டல் எல்லாமே தடைதான். தவணை கட்ட முடியாமல் போவது மட்டும் குற்றமல்ல, அதற்காக யாரையும் சிறைக்கு அனுப்ப முடியாது. ஆனால் செக் கொடுத்து அது திரும்பினால் அது வேறு வழக்கு, அதை மறந்துவிடாதீர்கள்.

4. வீட்டுக்கு வரலாமா? குழுக்கடனில் பணம் வாங்க இரண்டு தரப்பும் சேர்ந்து முடிவு செய்த பொது இடம் ஒன்று இருக்க வேண்டும். நம் ஊரில் அது யாராவது ஒரு அக்கா வீட்டுத் திண்ணை. அங்கே அடுத்தடுத்து இரண்டு தடவை நீங்கள் வராமல் போனால்தான் அவர்கள் வீடு தேடி வரலாம். ஒரு வாரம் தவறிய மறுநாளே வாசலில் நிற்பது விதிமீறல்.

5. வாசலில் வாதாட வேண்டாம். நம் பக்கம் வருகிற பையன்கள் பாதிப்பேர் அக்கம்பக்கத்து ஊர்ப் பிள்ளைகள்தான். அவர்களுக்கு மேலே ஒரு மேனேஜர், அவருக்கு மேலே ஒரு டார்கெட். அதற்காக அவர்கள் வைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை, பதிலுக்கு நாம் வைதாலும் வழக்கு நம் பக்கம் திரும்பும். இவ்வளவு போதும்:

"தம்பி, முதல்ல உங்க ஐ.டி. கார்டைக் காட்டுங்க. கம்பெனி கொடுத்த லெட்டர் இருக்கா?"

"அதெல்லாம் எதுக்குக்கா, டியூ எப்ப கட்டுவீங்க?"

"டியூ கட்டுவேன், எப்பன்னு உங்க ஆபீசுக்கு எழுதித் தரேன். நீங்க கார்டைக் காட்டுங்க, பேரைக் குறிச்சுக்கறேன்."

வசூல் முகவர் அடையாள அட்டை, நிறுவனத்தின் அங்கீகாரக் கடிதம், நோட்டீஸ் நகல் மூன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். பெயரைக் குறிக்கிறோம் என்று தெரிந்தாலே பாதிச் சத்தம் அடங்கிவிடும்.

6. இது குழுவில் இருக்கிறவர்களுக்கு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நான்கு பேரையும் எழுந்திருக்க விடாமல் திண்ணையில் உட்கார வைப்பதுதான் இதில் பெரிய ஆயுதம். கலெக்‌ஷன்காரர் வாயே திறக்க மாட்டார், கூட உட்கார்ந்திருக்கும் பெண்களே பேசிவிடுவார்கள். வீட்டில் உலை வைக்க நேரமாகிறது, பிள்ளை ஸ்கூல் விட்டு வந்திருக்கும் என்ற எரிச்சல் எல்லாம் கட்டாதவள் மேல் திரும்பும். புகாரில் இதையும் எழுதுங்கள்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை உட்கார வைத்தார்கள், யார் யார் இருந்தார்கள் என்று. நால்வரில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் மனுவுக்குப் பலம் வந்துவிடும். திண்ணை கொடுக்கிற வீட்டுக்காரர் 'இனி இங்கே வேண்டாம்' என்று சொல்லவும் உரிமை உள்ளவர்.

7. ஆதாரம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், வந்தவர் பெயர் அல்லது போன் எண், சொன்ன வார்த்தை. 'அசிங்கமாகப் பேசினார்' என்று எழுதாதீர்கள், என்ன பேசினாரோ அதையே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதுங்கள், விசாரிக்கிறவருக்கு வேண்டியது அதுதான். உங்களுக்கு வருகிற அழைப்பை நீங்கள் பதிவு செய்யலாம். வாட்ஸப் குரல் பதிவை அழிக்காமல், இன்னொரு போனுக்கும் அனுப்பி வையுங்கள்.

8. முதல் புகார் நிறுவனத்துக்கே போக வேண்டும். இதைத் தாண்டிக் குதித்தால் மேலிடம் மனுவைத் திருப்பிவிடும். கிளை மேனேஜரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். இந்த அளவு போதும்:

'என் கடன் எண் இது. இந்தத் தேதி இரவு 8.40 மணிக்கு இந்த எண்ணிலிருந்து உங்கள் ஊழியர் போன் செய்து இப்படிப் பேசினார். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் நின்று, இன்னார் இன்னார் முன்னிலையில் இப்படிச் சொன்னார். இது ரிசர்வ் வங்கி விதிக்கு மாறானது. அவர் மேல் எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மழையால் வேலை இல்லாததால் தவணையில் இரண்டு மாத அவகாசம் கேட்கிறேன்.'

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கடனை மறுக்கவில்லை, நடத்தையைத்தான் எதிர்க்கிறோம் என்பதை அந்த ஒரு வரி காட்டிவிடும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை அட்டையோடு பின் செய்யுங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் இதோடு சேர்ந்துவிட்டது). குழுக்கடன் நிறுவனம் என்றால் எம்ஃபின், சா-தன் என்று இரண்டு சுய ஒழுங்குமுறை அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் நிறுவனம் எதில் உறுப்பினரோ அதன் புகார் பிரிவுக்கும் ஒரு போன் போடலாம்.

9. முப்பது நாள் பொறுங்கள். பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர். 2021 நவம்பரிலிருந்து வங்கி, பெரிய நிதி நிறுவனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே திட்டம். 14448க்கு அழைத்தால் எப்படி எழுதுவது என்று தமிழிலேயே சொல்வார்கள், அலுவலக நேரத்தில் கூப்பிடுவது நல்லது. இணையத்தில் சிஎம்எஸ் டாட் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன். இணையம் வேண்டாம் என்றால் தபாலில்: மையப் பெறுதல் மற்றும் பரிசீலனை மையம், இந்திய ரிசர்வ் வங்கி, 4ஆவது மாடி, செக்டர் 17, சண்டிகர் 160017. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். 'எழுதித் தருகிறேன், ஐந்நூறு கொடு' என்கிறவரிடம் போகாதீர்கள்.

ரிசர்வ் வங்கி இதையெல்லாம் கண்டுகொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் கொடுக்கக் கூடாது என்று அது நிறுத்திவைத்தது. அதிக வட்டி வாங்கியதும், வீட்டு வருமானத்தைச் சரியாகக் கணக்குப் பார்க்காமல் கடன் கொடுத்ததும் காரணங்களில் அடக்கம். நான்கில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட மைக்ரோஃபைனான்ஸ் நிறுவனம்.

10. நுகர்வோர் உதவி எண் 1915. காலை 8 முதல் இரவு 8 வரை. கடனும் ஒரு சேவைதான், கடன் வாங்கியவரும் நுகர்வோர்தான். கேட்காத இன்சூரன்ஸைச் சேர்த்துப் பிடித்தது, கட்டிய தவணையை வரவு வைக்காதது, முன்கூட்டியே முடித்தால் அபராதம் கேட்டது (மைக்ரோஃபைனான்ஸில் அது கூடவே கூடாது), தாமதக் கட்டணத்தைத் தவறிய தவணைக்குப் போடாமல் மொத்தக் கடனுக்கும் போட்டது: இவற்றுக்கு இந்த வழி நன்றாக வேலை செய்யும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் சரி. சிக்கல் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் ஆணையம் மெதுவாகத்தான் நகரும். இன்று ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு அது மருந்தல்ல.

11. அந்த மருந்து போலீஸ். அடிப்பேன், தூக்குவேன் என்று மிரட்டுவது, வீட்டுக்குள் நுழைவது, வழிமறிப்பது, பெண்களை ஆபாசமாகப் பேசுவது எல்லாம் கடன் சமாச்சாரமே இல்லை, தனிக் குற்றங்கள். அந்த நிமிடத்தில் 100 அல்லது 112. பெண்களுக்கு 181. பிறகு கம்மாபுரம் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். 'இது பணப் பிரச்சினைம்மா, கோர்ட்டுக்குப் போங்க' என்று திருப்பி அனுப்பப் பார்க்கலாம். 'நான் பணத்தைப் பற்றிச் சொல்ல வரலை சார், மிரட்டினதைச் சொல்ல வந்தேன்' என்று அதே இடத்தில் நில்லுங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வர வேண்டாம். வாங்க மறுத்தால் அதே மனுவைக் கடலூர் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம், அல்லது புதன்கிழமை மனு நாளில் நேரில் கொடுக்கலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளும் முதல்வரின் உதவி மைய 1100 எண்ணும் கூடவே இருக்கின்றன. ஆனால் அங்கே கொடுத்த மனு பெரும்பாலும் சுற்றி இதே நிலையத்துக்குத்தான் வரும். அதனால் மனு எண்ணை வைத்து நாம்தான் விரட்ட வேண்டும். 2017 அக்டோபர் 23இல் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பமே, இரண்டு குழந்தைகளோடு தீயில் கருகியது. அவர்கள் அதற்கு முன் பலமுறை மனு கொடுத்தவர்கள்.

12. கந்துவட்டி, தண்டல், மீட்டர் வட்டிக்குத் தனிச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2003இலேயே அதீத வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று நாம் வழக்கில் சொல்கிற பெயர்களையே அந்தச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். இருந்தும் 2022 ஜூனில், நமக்குப் பக்கத்துப் புவனகிரியைச் சேர்ந்த ஒரு காவலரே கந்துவட்டி நெருக்கடியில் உயிரை விட்டார். அதன் பிறகுதான் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு 'ஆபரேஷன் கந்துவட்டி' என்று மாநிலம் முழுக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னார். போலீஸ் உடுப்புப் போட்டவருக்கே அந்த நிலை என்றால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் அக்காமார் வாய் திறக்கப் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

தண்டல் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேச்சு, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார். நாளைக்கு 100 வீதம் நூறு நாள். 'பதினஞ்சு பர்சன்ட்தானே' என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசலும் சேர்த்துத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் அது நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது.

2025 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறி, ஜூனில் ஆளுநர் ஒப்புதலும் பெற்ற இன்னொரு சட்டமும் இப்போது கையில் இருக்கிறது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுப்பதற்கென்றே வந்தது. மிரட்டுவது, பின்தொடர்வது, வீட்டையும் வேலை இடத்தையும் சுற்றிச் சுற்றி வருவது, பொருளைப் பிடுங்குவது எல்லாம் இதில் குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். புகாரில் '2025ஆம் ஆண்டு வற்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

13. ஏ.டி.எம். கார்டு, ரேஷன் கார்டு, நூறு நாள் வேலைப் பாஸ்புக், நிரப்பாத செக், வெற்றுப் புரோநோட்டு இவற்றைக் கடனுக்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்கி, புதிது கேளுங்கள். செக்கை நிறுத்திவைக்கும்படியும் எழுதிக் கொடுங்கள். போலீஸ் புகாரில் எந்தெந்த ஆவணம் யார் கையில் இருக்கிறது என்பதைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

14. வண்டிக் கடன். நடுரோட்டில் ஆள் வைத்து வண்டியைப் பிடுங்குவதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்துவிட்டது. அடியாள் வைத்து வசூல் செய்யக் கூடாது, சட்டப்படி போக வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. சாவி பிடுங்கினால் 100.

15. ஆப் கடன். போனில் இருக்கிற எண்களுக்கெல்லாம் மார்பிங் படம் அனுப்புவேன் என்று மிரட்டினால் ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கட்டாதீர்கள், கட்டக் கட்டக் கேட்பார்கள். உடனே 1930. சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். அந்த ஆப் ரிசர்வ் வங்கியின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், 2025 ஜூலை முதல் பட்டியலை அதன் இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். இல்லை என்றால் 'சசேத்' என்ற ரிசர்வ் வங்கித் தளத்தில் புகார் செய்யலாம். சொந்தக்காரர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு 'என் பேரில் அசிங்கமான படம் வந்தால் பொய், அழித்துவிடுங்கள்' என்று ஒரு குரல் பதிவு அனுப்பிவிடுங்கள். அவர்கள் கையில் இருப்பது உங்கள் வெட்கம் ஒன்றுதான்.

16. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வசூலுக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது: 'இன்சூரன்ஸ் போட்டீங்களே, அது என்னாச்சு?' குழுக்கடனில் பெரும்பாலும் கடன் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் பிரீமியம் பிடித்துவிடுவார்கள், அட்டையில் தொகை இருக்கும். பல இடத்தில் கணவருக்கும் சேர்த்தே இருக்கும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவு வராது. இறப்புச் சான்றிதழ் நகலோடு எழுத்தில் கேளுங்கள். தெரியாமல் தவணை கட்டிக்கொண்டே போகிற விதவைகள் உண்டு.

17. இலவச வக்கீல். விருத்தாசலம் கோர்ட்டிலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சமூகத்தார் வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவி கேட்கலாம். போன் எண் 15100. கோர்ட் நோட்டீஸ் வந்தால் அங்கே எடுத்துப் போங்கள், பயந்து வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். லோக் அதாலத்தில் அபராத வட்டியைக் குறைத்து முடிக்கவும் வழி உண்டு.

18. ராத்திரி தூக்கம் வராமல் தப்பான யோசனை வந்தால் 14416, அல்லது 104. எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். வீட்டில் கடன் வாங்கினதையே சொல்லாமல் மறைத்தவர்கள்தான் அதிகம் உடைந்து போகிறார்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள்.

19. கட்டி முடித்த பிறகு. 'கடன் பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்குங்கள். புரோநோட்டு, செக் இருந்தால் திரும்ப வாங்கி, குறுக்கே கோடு போட்டு வையுங்கள். சிபில் முதலான நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் முடிந்த கடன் இன்னும் பாக்கி என்றே இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். முப்பது நாளில் திருத்தாவிட்டால், அதற்கு மேல் ஆகிற ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.